கருங்கல்லைப் படிப்போம்

கல்லிலும் எழுத்து உண்டு

அம்மி கருங்கல். ஆட்டுக்கல் கருங்கல். உரலும் கருங்கல். வீட்டு வாசற்படி, கிணற்றுச் சுவர், கோயில் தூண் எல்லாம் கருங்கல். கருங்கல்லைத் தொடாமல் நம் வாழ்க்கையில் ஒரு நாள் கூடப் போவதில்லை.

மைசூரில் வாழும் மக்களுக்குக் கருங்கல் இன்னும் நெருக்கமானது. நகரத்தின் தென்கிழக்கே சாமுண்டி மலை நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 1,060 மீட்டர். அந்த மலையே கருங்கல். மலை ஏற ஏறத்தாழ ஆயிரம் படிகள் உள்ளன. படி வழியில் ஒரு பெரிய நந்தி இருக்கிறது. அதன் உயரம் சுமார் 16 அடி. நீளம் சுமார் 25 அடி. அது ஒரே பாறையில் செதுக்கியது. தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் செய்தார்கள். அவர் 1659 முதல் 1673 வரை ஆண்ட மன்னர்.

மைசூர் அரண்மனை 1897 முதல் 1912 வரை கட்டப்பட்டது. அதன் சுவர்களில் சாம்பல் நிறக் கருங்கல் உள்ளது. காவிரியின் குறுக்கே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை 1911-இல் தொடங்கியது. அந்த அணையைச் சிமெண்டால் கட்டவில்லை. கல்லும் சுர்க்கிக் காரையும் வைத்துக் கட்டினார்கள்.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது? எப்படி உண்டானது? அதற்குள் என்ன இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. நல்ல கல் எது, கெட்ட கல் எது என்று பார்க்கலாம். வயலின் மண் ஏன் சிவப்பு என்று அறியலாம். கல் உடைத்துப் பிழைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கல்லுக்குள் இருக்கும் ஒரு பொருள் அவர்களுடைய நுரையீரலைக் கெடுக்கிறது. அதை அறிந்தால் உயிரைக் காத்துக்கொள்ளலாம்.

எழுத்துகளைக் கூட்டிச் சொல்லைப் படிக்கிறோம். கல்லிலும் எழுத்து போலச் சில அடையாளங்கள் உண்டு. அவற்றைக் கூட்டினால் கல்லையும் படிக்கலாம்.


கருங்கல்லின் மூன்று எழுத்துகள்

புதிதாக உடைத்த ஒரு கருங்கல் துண்டை எடுங்கள். தண்ணீரில் கழுவுங்கள். வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள்.

கல் முழுவதும் ஒரே நிறம் இல்லை. பல நிறத்தில் மணி மணியாகத் தெரியும். அரிசியும் பருப்பும் எள்ளும் கலந்து கெட்டியானது போல இருக்கும். இந்த மணிகளுக்குக் கனிமம் என்று பெயர். கருங்கல்லில் முக்கியமாக மூன்று வகை மணிகள் உண்டு.

முதல் மணி ஃபெல்ஸ்பார். இது இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். இதன் முகம் தட்டையாக இருக்கும். கல்லைத் திருப்பும்போது சின்னக் கண்ணாடி போலப் பளிச்சென்று மின்னும். கருங்கல்லில் பெரும் பகுதி இதுதான். பீங்கான் செய்ய இது உதவுகிறது.

இரண்டாம் மணி குவார்ட்ஸ். இது சாம்பல் நிறத்தில் கண்ணாடித் துண்டு போல இருக்கும். தட்டையாக உடையாது. கோணல் மாணலாக உடையும். மிகவும் கடினமானது. கத்தியால் கீறினாலும் கோடு விழாது. ஆனால் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். வயலில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான். ஆற்று மணலில் பெரும் பகுதியும் குவார்ட்ஸ்தான். கண்ணாடி செய்வதற்கு இந்த மணலே வேண்டும்.

மூன்றாம் மணி அப்பிரகம். மைக்கா என்றும் சொல்வார்கள். கிராமத்தில் காக்காப்பொன் என்பார்கள். கருங்கல்லில் இது பெரும்பாலும் கறுப்பாக மின்னும். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். வெளிறிய நிறமுள்ள அப்பிரகத் தகடுகள் மின்சார இஸ்திரிப் பெட்டியில் பயன்பட்டன.

சில கருங்கற்களில் ஏடாக உரியாத கறுப்பு மணியும் இருக்கும். அது ஹார்ன்பிளெண்ட். அப்பிரகத்திலும் ஹார்ன்பிளெண்டிலும் இரும்பு இருக்கிறது. அதனால்தான் அவை கறுப்பு.

ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், அப்பிரகம். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். மூன்றும் கலந்து, மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தால் அந்தக் கல் கிரானைட். இளஞ்சிவப்பும் சாம்பலுமாக இருக்கும் சாமுண்டி மலைக் கல் கிரானைட்தான்.


பூமிக்குள் கொதித்த குழம்பு

கிரானைட் ஒரு தீப்பாறை. தீப்பாறை என்றால் என்ன? உருகிய குழம்பு ஆறிக் கெட்டியான பாறை.

பூமிக்குள் ஆழத்தில் வெப்பம் மிக அதிகம். சில இடங்களில் பாறையே உருகிவிடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கிரானைட் ஆகும் பாறைக் குழம்பின் சூடு 700, 800 டிகிரி இருக்கும்.

இந்தக் குழம்பு சுற்றியுள்ள பாறையை விட எடை குறைந்தது. அதனால் மெல்ல மேலே ஏறும். ஆனால் பல நேரம் தரைக்கு வந்து சேராது. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடும். அங்கேயே ஆறத் தொடங்கும்.

மேலே கனமான பாறைப் போர்வை இருக்கிறது. ஆகவே சூடு வெளியே போக நெடுங்காலம் ஆகும். ஒரு நாள் இல்லை, ஒரு வருடம் இல்லை. ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மெதுவாக ஆறும்போது என்ன நடக்கும்? கறுப்பு மணிகளில் பல முதலில் உண்டாகும். பிறகு ஃபெல்ஸ்பார் வளரும். கடைசியில் மிஞ்சிய குழம்பு குவார்ட்ஸ் ஆகும். அதற்குத் தன் இஷ்டப்படி வளர இடம் கிடைக்காது. மற்ற மணிகளுக்கு நடுவே கிடைத்த சந்தை அது நிரப்பும். அதனால்தான் கருங்கல்லில் குவார்ட்ஸுக்குச் சரியான வடிவம் இல்லை. மணிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் கருங்கல் உறுதியாக இருக்கிறது.


மெதுவாக ஆறினால் பெரிய மணி

பனங்கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள்? பாகைக் காய்ச்சிப் பானையில் ஊற்றுவார்கள். உள்ளே நூல் கட்டியிருப்பார்கள். பானையை அசைக்காமல் பல நாட்கள் வைப்பார்கள். நூலில் பெரிய பெரிய கற்கண்டு பிடிக்கும். அவசரப்பட்டுக் கிளறி ஆற வைத்தால் தூள்தான் கிடைக்கும்.

பாறையும் அப்படித்தான். மெதுவாக ஆறினால் பெரிய மணி. சீக்கிரம் ஆறினால் சிறிய மணி.

இதற்கு மூன்று உதாரணம் பார்ப்போம்.

ஆழத்தில் ஆறியது: சாமுண்டி மலை கிரானைட். மணிகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இதைப் பருமணிப் பாறை எனலாம்.

வெடிப்பில் ஆறியது: மைசூருக்குத் தெற்கே சாமராஜநகர் மாவட்டத்தில் கறுப்புக் கல் வெட்டுகிறார்கள். பளபளவென்று மெருகு ஏறும். வியாபாரத்தில் இதைக் கறுப்பு கிரானைட் என்கிறார்கள். உண்மையில் இது கிரானைட் இல்லை. இதன் பெயர் டாலரைட். பூமியில் ஏற்பட்ட நீண்ட வெடிப்புகளில் குழம்பு புகுந்து ஆறியது. வெடிப்பு குறுகலாக இருப்பதால் சூடு கொஞ்சம் வேகமாகப் போய்விடும். அதனால் மணிகள் கிரானைட்டை விடச் சிறியவை.

தரைமேல் ஆறியது: கர்நாடகத்தின் வடக்கிலும் மகாராஷ்டிரத்திலும் பரவிக் கிடக்கும் கறுப்புப் பாறை. இதன் பெயர் பசால்ட். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து குழம்பு வெளியே ஓடியது. காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறியது. அதனால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அஜந்தா, எல்லோரா குகைகளை இந்தப் பாறையில்தான் குடைந்தார்கள்.

ஆகவே மணியின் அளவைப் பார்த்தாலே கல்லின் பிறந்த இடம் தெரியும்.


கல்லுக்கு வயது என்ன?

மைசூர் சமஸ்தானம் 1894-இல் நிலவியல் துறையைத் தொடங்கியது. அந்தத் துறையினர் மலை மலையாக நடந்து கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். எங்கே எந்தப் பாறை என்று வரைபடம் போட்டார்கள். ஆனால் வயதைக் கணக்கிடும் முறை அப்போது இல்லை. அது பிறகு வந்தது.

ஃபெல்ஸ்பாரிலும் அப்பிரகத்திலும் ரூபிடியம் என்ற பொருள் மிகச் சிறிது இருக்கும். அதில் ஒரு பங்கு மிக மிக மெதுவாக ஸ்ட்ரான்ஷியம் என்ற வேறு பொருளாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரியும். கல்லுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பது போல இது.

இப்படி அளந்ததில் சாமுண்டி மலைக் கல்லின் வயது சுமார் 80 கோடி ஆண்டு என்று தெரிந்தது. பெங்களூரிலிருந்து மைசூர் வரும் வழியில் ராமநகரத்துப் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். 'ஷோலே' திரைப்படம் எடுத்த இடம் அது. அதுவும் கிரானைட்தான். ஆனால் அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. சாமுண்டி மலை அதற்குத் தம்பி.

ஆழத்தில் பிறந்த கல் மலையாக வெளியே வந்தது எப்படி? மேலே இருந்த பாறைப் போர்வையை மழையும் காற்றும் ஆறும் கரைத்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைத்தன. கரையாத கடினமான கிரானைட் மலையாக நின்றது. மேலே இருந்த பாரம் குறைந்ததும் பாறை விரிந்தது. வெங்காயத் தோல் போல அடுக்கு அடுக்காகப் பிளந்தது. கல் உடைப்பவர்கள் இந்த அடுக்கை நன்றாக அறிவார்கள். உளியால் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு வைத்து அடிப்பார்கள். கல் நேராகப் பிளக்கும்.


கல் மண்ணாகும் கதை

கருங்கல்லும் அழியும். மழைத் தண்ணீர் பட்டுப் பட்டு ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறும். கறுப்பு மணிகளில் உள்ள இரும்பு துருப் பிடிக்கும். துரு சிவப்பு. அதனால் மண்ணும் சிவப்பு. மைசூர்ப் பக்கத்துச் செம்மண் இப்படி வந்ததுதான்.

குவார்ட்ஸ் மட்டும் எளிதில் அழியாது. மணலாக மிஞ்சும். காவிரி அந்த மணலை அள்ளிச் செல்லும். மைசூர் மாவட்டத்தில் காவிரிக் கரையில் தலக்காடு இருக்கிறது. அங்கே மணல் குவிந்து கோயில்களையே மூடியது.

வீடு கட்டக் கல் வாங்கும்போது இந்த அறிவு உதவும். மணிகள் பளபளப்பாக இருந்தால் நல்ல கல். ஃபெல்ஸ்பார் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், துருக் கறை பரவியிருந்தால், கையால் தேய்க்கும்போது பொடி உதிர்ந்தால் அது அழியத் தொடங்கிய கல். சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும்.


எவர்சில்வர் பாத்திரமும் பருமணிப் பாறையும்

பருமணிப் பாறை எல்லாமே கிரானைட் இல்லை. குழம்பில் இருக்கும் பொருள் வேறானால் பாறையும் வேறாகும்.

டியூனைட் என்று ஒரு பாறை உண்டு. அதில் குவார்ட்ஸ் இல்லை. ஒலிவின் என்ற பச்சை மணிதான் நிறைய இருக்கும். மைசூருக்கு அருகே தொட்டகன்யா பக்கத்தில் இந்த வகைப் பாறை உள்ளது. இது மாறி மேக்னசைட் என்ற வெள்ளைக் கல் உண்டாகிறது. தமிழ்நாட்டில் சேலத்திலும் மேக்னசைட் உண்டு. இரும்பு உருக்கும் உலைக்கு உள்ளே வைக்கும் செங்கல்லை இதில் செய்கிறார்கள்.

மைசூருக்குத் தெற்கே சிந்துவள்ளியில் இதே வகைப் பாறைகளின் நடுவே குரோமைட் கிடைத்தது. குரோமைட்டிலிருந்து குரோமியம் எடுக்கிறார்கள். குரோமியம் சேர்த்த இரும்புதான் எவர்சில்வர். துருப் பிடிக்காமல் இருப்பது அதனால்தான்.


மூச்சில் கலக்கும் கல்

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருவோம்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். கல்லாக இருக்கும்போது அது யாருக்கும் தீங்கு செய்யாது. மணலாக இருக்கும்போதும் பயம் இல்லை. உடைக்கும்போது, துளை போடும்போது, அறுக்கும்போது, கிரஷரில் ஜல்லி அரைக்கும்போது அது தூசியாகிறது. அந்தத் தூசிதான் ஆபத்து.

பெரிய தூசி மூக்கிலேயே நின்றுவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத தூசி கண்ணுக்குத் தெரியாது. அது நுரையீரலின் ஆழம் வரை போகும். குவார்ட்ஸ் கரையாது என்று பார்த்தோம். நுரையீரலிலும் அது கரையாது. அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். புண் ஆறித் தழும்பாகும். தழும்பு கூடக் கூட நுரையீரல் விரியாது. மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர்.

இந்த நோய் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் வேலை செய்த பிறகு தெரியும். தூசி மிக அதிகமாக இருந்தால் சில வருடங்களிலேயே வரும். முதலில் இருமல் வரும். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கும். உடம்பு இளைக்கும். காசநோய் வருவதும் எளிதாகும். குவார்ட்ஸ் தூசி நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் அறிவித்தது.

சிலிகோசிஸ் வந்துவிட்டால் முழுவதும் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முடியும்.

வராமல் தடுப்பது எப்படி?

1. துளை போடும்போதும் கல் அறுக்கும்போதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரத் தூசி பறக்காது. கிரஷரிலும் தண்ணீர் தெளிக்கும் குழாய் வேண்டும்.

2. காற்று அடிக்கும் திசையைப் பாருங்கள். தூசி உங்கள் மேல் வராத பக்கம் நின்று வேலை செய்யுங்கள்.

3. துண்டைச் சுற்றிக்கொண்டால் போதாது. நுண் தூசி துணியில் புகுந்துவிடும். தூசி வடிகட்டும் சரியான முகக்கவசம் வேண்டும். அதைத் தருவது முதலாளியின் கடமை.

4. வேலை உடையை உதறாதீர்கள். நனைத்துத் துவையுங்கள். அதே உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் தூளி கட்டாதீர்கள்.

5. பீடி, சிகரெட் வேண்டாம். கெட்ட நுரையீரலை அவை இன்னும் கெடுக்கும்.

6. வருடத்துக்கு ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுங்கள். டாக்டரிடம் "நான் கல் வேலை செய்கிறேன். இத்தனை வருடமாகச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் காசநோய் என்று நினைத்துவிடலாம்.

சிலிகோசிஸ் ஒரு தொழில் நோய் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலையால் இந்த நோய் வந்தது என்று உறுதியானால் நஷ்ட ஈடு கேட்க உரிமை உண்டு. ஆனால் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே எந்த இடத்தில், எந்த வருடம், யாரிடம் வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூலிச் சீட்டு, எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய பலம்.

மைசூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தில் சிரவணபெளகொளா இருக்கிறது. அங்கே 57 அடி உயர கோமதேஸ்வரர் சிலை நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கிரானைட்டின் உறுதிக்கு அதுவே சாட்சி. கல்லை நிற்க வைத்த கைகளும் நலமாக வாழ வேண்டும்.


செய்து பாருங்கள்

கடையில் கொஞ்சம் படிகாரம் வாங்குங்கள். தூளாக்குங்கள். சூடான தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். இனிமேல் கரையாது என்னும் வரை போடுங்கள். அடியில் தங்கியதை விட்டுவிட்டு, தெளிந்த நீரை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து உடனே ஆற்றுங்கள். மற்றதைத் துணி சுற்றி மூலையில் வையுங்கள். அசைக்க வேண்டாம். மறுநாள் இரண்டையும் பாருங்கள். எதில் பெரிய மணி இருக்கிறது? ஏன்?


விடை எழுதுங்கள்

1. கிரானைட்டில் உள்ள மூன்று முக்கிய மணிகள் எவை?
2. சாமுண்டி மலைக் கல்லில் மணிகள் பெரிதாக இருப்பது ஏன்?
3. பசால்ட் பாறையில் மணிகள் கண்ணுக்குத் தெரியாதது ஏன்?
4. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் எதனால் வந்தது?
5. கல் தூசியில் உள்ள எந்தப் பொருள் நுரையீரலைக் கெடுக்கிறது?
6. உங்கள் ஊரில் கல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்களா? தூசியைத் தடுக்க அங்கே என்ன செய்கிறார்கள்? ஐந்து வரி எழுதுங்கள்.


புதிய சொற்கள்

கனிமம் - பாறைக்குள் இருக்கும் மணி
தீப்பாறை - உருகிய குழம்பு ஆறி உண்டான பாறை
பருமணிப் பாறை - மணிகள் கண்ணுக்குத் தெரியும் தீப்பாறை
சிலிகோசிஸ் - கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்
அத்தாட்சி - சான்று
நஷ்ட ஈடு - இழப்புக்குத் தரும் பணம்